கீழிருந்து வரும் குளிர்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் தொட்டில் கட்டும் வேலை தாய்மாருக்கு ஒழிந்துவிடுகின்றது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பதை என் மகன் எனக்கு உணர்த்தினான். உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த அவனுக்கு, ரொறன்ரோவிலிருந்து அவனுடைய சித்தப்பா ஒரு பொதி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டு கைகளுக்குள் அடங்கக்கூடிய நைலோன் துணிச் சுருள் ஒன்று. இரண்டு மரங்களுக்கிடையே அதைக் கட்டி அதிற் படுத்துறங்கலாமாம். ஆங்கிலத்தில் ஹமொக் என்பார்கள். கூடாரமும் வேண்டாம், தரையில் அட்டைகளுக்கும் ஈரத்துக்கும் அஞ்சவும் வேண்டாம் என்று அவன் அதன் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போனான்.

என் தாயார் திண்ணையிலிருந்தபடியே அதைப் பார்த்தார். எழுபது வயதைக் கடந்தவர். முப்பத்தைந்து ஆண்டுகள் பொகவந்தலாவைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர்.

"இது தொட்டிலுதானேய்யா! இதையா அம்புட்டுத் தூரத்துல இருந்து அனுப்புனாங்க?" என்றார்.

உண்மையில் அது தொட்டிலேதான். 1492 ஆம் ஆண்டில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளிற் கண்டு வியந்த அத்தொங்குபடுக்கையை அங்கிருந்த மக்கள் ஹமாக்கா என்று அழைத்தனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களெல்லாம் அதனை எடுத்துக்கொண்டன. கடல் எப்பக்கம் புரண்டாலும் படுத்திருப்பவன் உருண்டு விழமாட்டான் என்பது அதிலுள்ள வசதி. நாமோ கொலம்பஸுக்கு வேலை வைக்காமல், வீட்டிலிருக்கும் பழஞ்சேலை ஒன்றை வளையிற் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டோம். வடக்கில் ஏணை என்பர்; தமிழ்நாட்டிற் பல இடங்களில் தூளி என்பர்; எங்கள் தோட்டங்களில் வெறுமனே தொட்டில். அக்காலத்துப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தால், கூரைக் குறுக்குமரத்திலிருந்து வரிசையாகச் சேலைகள் தொங்கும். சிவப்பு, பச்சை, வெளுத்த நீலம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு பாரம் உருண்டு திரண்டு நிற்கும். ஆயம்மா ஒருத்தி நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இரண்டு தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருப்பாள். நானும் அவ்வரிசையில் ஒரு பாரமாகத் தொங்கியவள்தான். இப்போது அவ்விடங்களுக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்.

சரி, கதைக்கு வருகின்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கிரவில்லியா மரங்கள் நிற்கின்றன. கார்த்திகை மாதத்து இரவொன்றில் மகன் அங்கே தன் தொங்குபடுக்கையைக் கட்டினான். மழைக்கு மேலே ஒரு படங்கு. உள்ளே படுத்துக்கொண்டு மேலே இரண்டு தடித்த போர்வைகள். "ஒரு போர்வை மேலதிகமாகவே இருக்கின்றது" என்று பெருமையோடு சொல்லிவிட்டுச் சென்றவன், அதிகாலை இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினான். பற்கள் கிட்டிப் போயிருந்தன.

"மேலெல்லாம் சூடாகத்தான் இருக்கின்றது அம்மா. முதுகு மாத்திரம் பனிக்கட்டி மாதிரி விறைத்துவிட்டது" என்றான்.

பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இவ்விடத்தில் ஒரு பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை. அடுப்படியில் அவனை உட்காரவைத்து, இஞ்சித் தேநீர் கொடுத்துக்கொண்டே நடத்தினேன். போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பஞ்சுக்கும் உரோமத்துக்கும் இடையே அகப்பட்டு அசையாது நிற்கும் காற்றுத்தான் நம்மைக் காப்பது. அசையாக் காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆனால், நாம் ஒரு போர்வையின் மேல் படுத்தால் நமது பாரத்தில் அது நசுங்கிப் போகின்றது; காற்று வெளியேறுகின்றது; எஞ்சுவது வெறும் துணி. தரையிற் படுப்பவனுக்குத் தரையாவது ஓரிடத்தில் நிற்கின்றது. அந்தரத்தில் தொங்குபவனுக்கோ முதுகின் கீழே காற்று ஓயாமல் ஓடி, உள்ள சூட்டை வாரிக்கொண்டு போகின்றது. ஆகையால் மேலே பத்துப் போர்வை போட்டாலும் அவன் பாதி உடம்பு நிர்வாணமாகக் கிடப்பதற்கே சமம். கப்பலோட்டிகள் இதனை அறிந்துதான் தங்கள் தொங்குபடுக்கைக்குள் ஒரு மெல்லிய மெத்தையை இட்டார்கள். இக்காலத்து மலையேறிகள் இன்னும் ஒருபடி மேலே போய், போர்வையைப் படுக்கைக்கு வெளியே, அடிப்புறமாகத் தொங்கவிடுகின்றார்கள். அங்கே அதை நசுக்க யாருமில்லை. காற்றும் அதற்குள் அமைதியாக இருக்கும். அதற்கு அடிப்போர்வை என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பாடம் முடிந்தது. மாணவன் ஏற்கெனவே உறங்கியிருந்தான்.

மறுநாள் மாலை கல்லூரியிலிருந்து திரும்பியபோது ஓர் அதிசயம். பின்புறத்தில் என் தாயார் நின்று, தம்முடைய பழைய கறுப்புக் கம்பளியை அந்த நைலோன் தொட்டிலின் அடியில் வெளிப்புறமாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு மூலையிலும் சிறு கல்லொன்றை வைத்து முடிந்து, அம்முடிச்சிலே கயிறு கோத்திருந்தார். கையை உள்ளே விட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரு கயிற்றை இளக்கினார், மற்றொன்றை இறுக்கினார்.

"தொட்டிலோட ஒட்டியும் இருக்கணும், நசுங்கவும் கூடாது. தொங்கிப் போச்சுன்னா ஊடால காத்துப் பூந்துரும்" என்றார்.

அயல்நாட்டு நூல்கள் பல பக்கங்களிற் சொல்லும் விதியை அவர் இரண்டு வரியிற் சொல்லிவிட்டார். எப்படித் தெரியுமென்று அப்போது நான் கேட்கவில்லை. அன்றிரவு மகன் விடியும்வரை உறங்கினான் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அக்கம்பளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல்கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த காலத்திலேயே கம்பளியும் கூட வந்தது. 2023 ஆம் ஆண்டில் அவ்வருகையின் 200 ஆண்டு நினைவாகப் பலர் அதே வழியை நடந்து காட்டினார்கள் அல்லவா? நடந்து வந்தவர்களுக்கு இந்த மலையின் குளிரைத் தாங்க, கங்காணிமார் கையாற் கம்பளி கிடைத்தது. இனாமாக அன்று; கடன் கணக்கிற் பதிந்து சம்பளத்திற் கழிப்பதற்காக. ஆங்கிலத் துரைமார்கூட அதை வேறு பெயரால் அழைக்கத் தெரியாமல் கம்பிளி என்றே எழுதிவைத்தார்கள். பகலில் அதைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையிற் கொழுந்து பறிப்பது. இரவில் அதே கம்பளியைப் போர்த்துக்கொண்டு உறங்குவது. இதிலுள்ள இடையூறு யாருக்கும் விளங்கும். ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற் பருவமழை கொட்டும் நாட்களிற் பகலெல்லாம் நனைந்த கம்பளி, இரவு அடுப்புக்கு முன்னால் எவ்வளவு நேரம் தொங்கினாலும் அரைகுறையாகவே காயும்.

இனிப் போர்வை தேர்ந்த கதை. மகனுக்குத் தை மாதத்தில் நண்பர்களோடு தோட்டத்தின் மேற்பிரிவு மலைச்சரிவில் இரண்டு இரவு தங்கவேண்டுமென்று ஆசை. முகாமையாளரிடம் அனுமதியும் பெற்றுவிட்டார்கள். சித்தப்பா தொலைபேசியில் ஒரு பட்டியல் வாசித்தார். வாத்தின் மென்தூவி அடைத்தது, பொலியெஸ்டர்ப் பஞ்சு அடைத்தது, முழு நீளம், முக்கால் நீளம், 20 பாகை பரனைட், 40 பாகை பரனைட் என்றெல்லாம் இருக்கின்றன, எது வேண்டும் என்று கேட்டார். விலைகளைக் கேட்டதும் நான் இன்னொரு நாள் பேசலாமென்றேன்.

நான் யோசித்தவற்றை அதே ஆசையுள்ள பிற வீடுகளுக்குப் பயன்படலாமென்று எழுதுகின்றேன். கனடாவிலே பனிக்காலம், வசந்தம், கோடை என்று பிரித்துப் போர்வை வாங்குவார்கள். நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பொகவந்தலாவை கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கின்றது. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். நமது குளிர் இரண்டு வகை. ஒன்று, மழைக்காலத்து ஈரக்குளிர். வெப்பமானி பதினைந்து பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. ஆனாலும் எலும்புக்குள் நுழையும். மற்றது தை, மாசியின் உலர்குளிர். அப்போது வானத்தில் ஒரு முகிலும் இராது. பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் தரை இரவில் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நுவரெலியாவில் அக்காலத்தில் வெண்பனி படிந்து தேயிலைத் துளிர் கருகுவதை நாம் அறிவோம். பங்குனி, சித்திரை இதமான காலம். ஒரு மெல்லிய அடிப்போர்வையே போதும்.

உலர்குளிருக்கு வாத்தின் தூவியை வெல்ல ஒன்றுமில்லை. நிறை சிறிது, சூடு பெரிது, மடித்தால் ஒரு பாண் அளவுக்குச் சுருங்கும். ஆயினும் நனைந்தால் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், காற்று தங்க இடமிராது, காயவைப்பதும் பெரும்பாடு. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைத்துக்கொண்டால், மிச்சம் தானே விளங்கும். மூடுபனி நாள்முழுதும் வீட்டுக்குள் நடமாடும் ஊரில், படுக்கைக்கு வெளியே சாரலுக்கும் பனிக்கும் முகங்கொடுத்துத் தொங்கும் அடிப்போர்வைக்குத் தூவியை நம்புவது புத்தியன்று. பொலியெஸ்டர்ப் பஞ்சு சற்றே பாரம். ஆனால் நனைந்தாலும் உப்பலை முழுவதும் இழப்பதில்லை, பிழிந்து உதறினால் விரைவிற் காயும். கம்பளி உரோமமும் ஈரத்திலே கொஞ்சம் சூட்டை வைத்துக்கொள்ளும். பாரந்தான் அதன் குறை. ஆகவே, மேலே போர்த்துவதற்குத் தூவிப் போர்வை ஒன்றை அனுப்பும்படியும், அடிப்போர்வையை நானே தைத்துக்கொள்வதாகவும் சித்தப்பாவுக்குச் சொன்னேன். மேற்போர்வை படங்கின் கீழும் படுக்கையின் உள்ளும் இருப்பதால் நனைய வாய்ப்புக் குறைவு. 20 பாகை பரனைட் என்பது உறைநிலைக்கும் ஏழு பாகை கீழே. அது நமக்கு வேண்டாத செலவு. 40 என்பது செல்சியஸில் ஏறத்தாழ 4, அதுவே போதும். ஒன்றை மாத்திரம் நினைவிற் கொள்ளவேண்டும். பலர் விற்கும் போர்வைகளில் அந்த எண், விறைத்துப் போகாமல் இரவைக் கழிக்கும் எல்லையைத்தான் குறிக்கும். சுகமாக உறங்கும் எல்லையையன்று. ஐந்து பாகையாவது கையிருப்பாக வைத்துக்கொண்டு வாங்குவது நல்லது.

வாத்தின் தூவி என்று கேட்டதும் என் தாயார் முகத்தைச் சுளித்தார். வெள்ளிக்கிழமை விரதகாரர். "அதைப் போத்திக்கிட்டுச் சாமி கும்பிடலாமா?" என்று கேட்டார். போர்த்துக்கொண்டு உறங்கத்தான் போகின்றான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஹட்டன் கடைத்தெருவிற் பொலியெஸ்டர்ப் பஞ்சு விரிப்பும் காற்றுப் புகாத நைலோன் துணியும் வாங்கிவந்து, இரவுகளிற் தைக்கத் தொடங்கினேன். முழு நீளம் வேண்டியதில்லை. தோளிலிருந்து முழங்கால்வரை வந்தாற் போதும், கால்களுக்கு ஒரு சிறு மெத்தைத் துண்டு. முதலில் நான் செய்த தவறு, இரண்டு துணிகளையும் பஞ்சோடு சேர்த்து ஊடுருவத் தைத்தது. தையல் போன கோடுகளிலெல்லாம் பஞ்சு நசுங்கி, அவ்வழியே குளிர் நுழைந்தது. அதையெல்லாம் பிரித்து, பஞ்சை உள்துணியோடு மாத்திரம் அங்குமிங்கும் பிடித்துத் தைத்து, வெளித்துணியைச் சும்மா மூடினேன். அடிப்போர்வையின் இரு முனைகளிலும் இழுகயிறு.

அப்படித் தைத்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் தாயாரிடம் கேட்டேன், தொட்டிலுக்கு வெளியே கம்பளி கட்டவேண்டுமென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று.

"உனக்குக் கட்டுனது அப்படித்தான். தம்பிக்கும் அப்படித்தான்" என்றார். சற்று நேரம் கழித்து, "உங்க அண்ணனுக்குத்தான் கட்டல" என்றார்.

எனக்கு முன்பு ஒரு பிள்ளை பிறந்து இறந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. 1974 ஆம் ஆண்டு, ஆனி மாதம். பிள்ளைக்கு மூன்று மாதம். தாயாருக்கு இருபது வயது. மழை பிடித்தால் விடாது. இரவிலே லயத்துக் காம்பராவின் சீமெந்துத் தரையிலிருந்து ஈரம் எழும்புமாம். அதனாற் பிள்ளையைத் தரையிற் போடாமல் தொட்டிலிற் போட்டார்களாம். அரைகுறையாகக் காய்ந்த கம்பளியையும், தம்மிடமிருந்த உலர்ந்த சேலை இரண்டையும் பிள்ளையின் மேலே மேலே போட்டு மூடினாராம். மார்ச்சளி கண்டது. நான்காம் நாள் விடியற்காலையில் எடுத்தபோது, "நெஞ்சு வெதுவெதுன்னுதான் இருந்துச்சு தாயி. முதுகத் தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார். பக்கத்துக் காம்பராவிலிருந்த கிழவி ஒருத்தி, கருமாதி முடிந்த பின்னர், தொட்டிலுக்கு அடியிலல்லவா கம்பளி கட்டவேண்டும் என்றாளாம். அதற்கு முன்னர் யாரும் சொல்லவில்லை.

நான் தையல் இயந்திரத்தை நிறுத்தினேன். நான் படித்தவள், எனக்கு வேறு கணக்குத் தெரியும். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது, தோட்டங்களிலே மரண வீதம் மளமளவென்று உயர்ந்தது. கீரையையும் கிழங்கையும் தேடி மக்கள் அலைந்த காலம் அது. பால் சுரக்காத தாய்க்குப் பிறந்த மூன்று மாதப் பிள்ளை, எந்தக் கம்பளியை எங்கே கட்டியிருந்தாலும் தப்பியிருக்குமா? இதை என்னால் இயன்ற மென்மையோடு எடுத்துச் சொன்னேன். பஞ்சந்தான் காரணம் அம்மா, கம்பளி அல்ல என்றேன்.

தாயார் முழுவதையும் கேட்டார்.

"பாலு இல்லைங்கிறது எனக்குத் தெரியாதா?" என்றார். "பாலு என் கையில இல்ல. கம்பளி என் கையில இருந்துச்சு."

அதற்கு நான் விடை சொல்லவில்லை. அவர் எழுந்து சென்று படுத்துக்கொண்டார். நான் அன்று தைத்த கோடு நேராக வரவில்லை. மறுநாள் பிரித்துத் தைத்தேன்.

தை மாதத்திற் பையன்கள் புறப்பட்டார்கள். நான் கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியை இரவல் வாங்கிக் கொடுத்தேன். பள்ளத்திற் கட்டவேண்டாம், குளிர்காற்றுக்குப் பாரம் அதிகமாகையால் அது இரவில் நீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும், நடுச்சரிவிற் கட்டுங்கள் என்று சொல்லியனுப்பினேன். அவனுடைய நண்பர்களுக்கு ஓடைக்கரை அழகாகத் தோன்றியதாம், அங்கேயே கட்டினார்கள். மகன் மாத்திரம் மேலே கட்டினான். விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் பார்த்தபோது வெப்பமானி 7 பாகை காட்டியது. கீழேயிருந்த நண்பர்கள் நள்ளிரவிலேயே எழுந்து தீ மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

புறப்படும்போது நான் தைத்த அடிப்போர்வையை மட்டுமே அவன் கொண்டுபோகிறான் என்று எண்ணியிருந்தேன். திரும்பி வந்து பையைக் கொட்டியபோதுதான் அந்தக் கறுப்புக் கம்பளியும் விழுந்தது. அவன் கேட்கவில்லையாம், அம்மாயிதான் இரவோடிரவாகப் பைக்குள் திணித்திருக்கின்றார். முதலாம் நாள் கட்டவில்லை. இரண்டாம் நாட் குளிர் கூடியபோது, என்னுடைய போர்வைக்கும் கீழே, நான்கு மூலையிலும் கல் முடிந்து கட்டிக்கொண்டானாம்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"வியர்த்துவிட்டது அம்மா" என்றான்.

என் தாயார் கம்பளியை எடுத்து உதறினார். மூலைகளில் முடிந்திருந்த கற்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து முற்றத்தில் எறிந்தார். வெயில் நன்றாக இருந்தது. கொடியிற் போட்டுவிட்டு, அது காயும்வரைக்கும் அங்கேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.